ஏழாம் எண் லீவர்

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பொம்மை ரயில் இருந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்று.

"இதுல எல்லாமே இருக்கும்மா. வட்டமா தண்டவாளம், ரெண்டு பாயிண்ட். பொத்தானை அமுக்கினா தானா மாறிக்கும். பேரப் பிள்ளைக்கா?"

"இல்லப்பா, எனக்குத்தான்."

கேட்டவருக்கு அறுபத்தொரு வயது. ரயில் நிலையத்துச் சிக்னல் கேபினில் இருபத்தாறு ஆண்டுகள் துப்புரவு வேலை. அங்கிருந்த பித்தளையையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து வைத்ததால் பளபளா அக்கா என்று பெயர் விழுந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அது உதிரவில்லை.

ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். அங்கே ஒரு இரும்பு நாக்கு நகர்ந்து, வண்டி எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்கும். அந்த நாக்கை நகர்த்த, கேபினில் ஆளுயர இரும்பு லீவர்கள் வரிசையாக நின்றன. அவற்றைத் துணி சுற்றித்தான் பிடிப்பார்கள். வெறுங்கை பட்டால் வேர்வையில் இரும்பு துருவேறிவிடும். அந்தத் துணிகளைத் தினமும் துவைத்துக் காயப்போட்டது அக்கா. லீவரை ஒரு நாளும் இழுத்ததில்லை. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டின் கோடியில் இருந்த பாயிண்டுக்கு ஏழாம் எண் லீவர். காலை முட்டுக்கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துத்தான் அதை இழுப்பார்கள். துடைப்பத்தோடு நின்று அதைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருப்பார்.

லீவர் இழுக்கும் வேலைக்கான தேர்வு எழுதினார். தேறினார். 'பெண் உடல்வலுவுக்கு ஏற்ற பணியன்று' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்? அந்த வரியை எழுதியவர் குடித்த தண்ணீரையே, பத்தொன்பது படிகள் ஏறி, கைக்கொரு வாளியாக, நாளுக்கு மூன்று நடை சுமந்தவர் அக்கா. சோதித்துப் பாருங்கள் என்று மனுக் கொடுத்தார். சோதனையைக் கண்டு அஞ்சுகிறவர்கள்தாம் இயற்கையின் பெயரில் தீர்ப்பு எழுதுவார்கள். மனுவுக்குப் பதிலே வரவில்லை. பிறகு லீவர்களைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டுப் பொத்தான் பலகை வைத்தார்கள். இப்போது அங்கே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். நல்லது. ஆனால் இழுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அக்கா அட்டைப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த குட்டையான பாயிண்டைக் கடை மேசையில் வைத்தார். விரலளவு நீளமுள்ள சரக்குப் பெட்டிகள் மூன்றைக் கோத்து, பின்பக்கமாகத் தள்ளினார். நடுப்பெட்டி நாக்கில் ஏறிக் கவிழ்ந்தது.

"முன்னால இழுங்கம்மா, போயிடும்."

"யார்டுல பாதி வேலை தள்றதுதான்ப்பா. தள்ளும்போது நிக்கணும். வளைவு நீளமா ஒண்ணு காட்டு."

கடைக்காரர் நீளமான பாயிண்டை எடுத்துத் தந்தார். பெட்டிகள் அலுங்காமல் ஏறி இறங்கின. அதோடு வந்த மோட்டாரை அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டு, கையால் தள்ளும் சின்ன லீவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேராகவும் வளைத்தும் போட்டுக்கொள்ளக்கூடிய தண்டவாளம் நான்கு துண்டு.

வீட்டில், கழற்றி வைத்திருந்த பழைய அலமாரிக் கதவுதான் பலகை. பாயிண்டும் அதன் இரண்டு கிளைகளும் போனபின் வட்டத்துக்கு இடமில்லை. கூடவே குடியிருக்கும் தங்கை, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"சுத்தி வராத ரயிலு என்னக்கா ரயிலு? இந்தக் கோடில புறப்பட்டு அந்தக் கோடில போய் முட்டிக்கிட்டு நிக்குது."

"நான் பாத்த ரயில் எது சுத்தி வந்துச்சு? போச்சு. அப்புறம் வேற வந்துச்சு."

"ஆமா, பொட்டிய தள்ளிவிட்டு டாட்டா காட்டு. பக்கத்து வீட்டுல கேட்டா நான் உனக்குச் சொந்தமே இல்லைன்னுடுவேன்."

எல்லாம் பொருத்தி முடித்ததும் அக்கா எழுந்துபோய், மடித்து வைத்திருந்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து வந்தார். அதைச் சுற்றியதும் அரை விரல் லீவர் காணாமலே போயிற்று. தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பிளாஸ்டிக்குக்கு எங்கக்கா துரு பிடிக்கும்?"

அக்காவும் சிரித்துவிட்டார். துணியை மடியில் போட்டுக்கொண்டு, வெறும் விரலால் லீவரைத் தள்ளினார். 'டிக்' என்றது. நாக்கு மாறியது. மூன்று பெட்டிகளும் சொன்ன பக்கம் போய் நின்றன.

தங்கை கைதட்டினார். அக்கா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா? சரியாத்தானே போச்சு?"

"போச்சு. கனமே இல்லையேடி."



மறுநாள் கடை திறக்கும்போதே அக்கா அங்கே நின்றார். பாயிண்டோடு சேர்க்க இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும் என்றார்.

"எல்லாரும் லேசா இருக்கணும்னுதான் கேப்பாங்க. இறுக்கினா லீவர் ஒடஞ்சிடும்மா."

"இரும்புல வச்சுக் குடு."

"இரும்புல வராதும்மா. யாராவது பட்டறைல சொல்லித்தான் அடிக்கணும்."

"எவ்வளவு கனமா அடிப்பாங்க?"

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

ஏழாம் எண்ணின் கனம் அக்காவுக்கே தெரியாதே. ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லையே. கல்லாப் பலகையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றி, ஒரு காலை முன்னால் ஊன்றி, மெல்லப் பின்னால் சாய்ந்து பார்த்தார்.