இருபத்திரண்டு காத்திருப்பு அறைகள்

கட்டடக்கலைக் கல்லூரியின் அடித்தளத்தில் மாதிரிப் பணிமனை என்று ஓர் அறை உண்டு. அட்டை, பசை, கருகல் வாசனை ஆகியவை அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தன. அவற்றோடு ஒருத்தியும் இருந்தாள். மாணவர்கள் வரைந்து தரும் சுவர்களையும் கூரைகளையும் லேசர் இயந்திரத்தில் ஏற்றி, அட்டையைத் துல்லியமாக வெட்டித் தருவது அவள் வேலை. பதினாறு வருடமாக வெட்டுகிறாள். அவள் இதுவரை வெட்டிய சுவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் நிலாவைச் சுற்றி மதில் எழுப்பலாம், மிச்சத்தில் ஒரு கேட்டும் போடலாம். மாணவர்கள் அவளை லேசர் அக்கா என்றார்கள். கல்லூரி முதல்வரும் அப்படியே கூப்பிட்டார். அவள் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர். ஒரு காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை. பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு கிடந்தார். பத்தொன்பது நாளும் அவள் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபதாம் நாள் அங்கே உட்கார வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அழுவாள் என்று நம்பி மாணவிகள் இரண்டு பேர் கைக்குட்டையோடு இறங்கி வந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து, "மூணு மில்லியா, அஞ்சு மில்லியா?" என்று அட்டையின் தடிமனைக் கேட்டாள். வந்தவர்கள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமலே, "மூணு" என்றார்கள். ஒருநாள் இயந்திரத்தின் சூடான தகட்டில் அவள் விரல் பட்டது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தது, எடுத்தாள். வலித்ததா என்று கேட்டிருந்தால், வலித்திருக்கும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

வீட்டில் அண்ணி இருந்தாள். கணவரின் அக்காள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு தெருவில் போகிற வருகிறவர்கள் மேல் குத்தினாள். தம்பி போன அன்று அவள் கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியில பக்கத்துல இருந்தியாடி?"

"இருந்தேன் அண்ணி. கையப் பிடிச்சிட்டிருந்தேன்."

அது பொய். அவள் பக்கத்தில் இல்லை. எங்கே இருந்தாள் என்பதை எவரிடமும் சொல்லவுமில்லை. சொல்லிவிட்டால் அண்ணி அதற்குப் பிறகு தன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த மேசையும் இரண்டு தட்டுகளும்தான்.

ஒரு பொய் சொன்னவளை அண்ணி சும்மா விடவில்லை. தினமும் சாயங்காலம், "கடைசியா என்னடி சொன்னான்?" என்பாள். முதல் நாள், "அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டாரு" என்றாள் இவள். மறுநாள், "அந்த நீலச் சட்டைய யாருக்கும் குடுத்துடாதேன்னாரு." அதற்கடுத்த நாள், "ஜன்னலச் சாத்துன்னாரு." ஒரு மாதத்தில் அந்த மனிதர் கடைசி மூச்சில் பக்கத்து வீட்டுக்காரரை மன்னித்திருந்தார், மூன்று கணக்கு வாத்தியார்களைத் திட்டியிருந்தார், டாக்டரைப் பற்றி ஒரு ஜோக்கும் சொல்லியிருந்தார். வாயில் குழாய் வைத்திருந்தவர் இத்தனையும் எப்படிப் பேசினார் என்று அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. "அப்படியா சொன்னான்?" என்றுவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிருக்குத் திரும்பிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்டுடியோ என்னும் வடிவமைப்பு வகுப்பை எடுக்கும் மேடம் ஒரு வேலை கொடுத்தார். மருத்துவமனையில், அதே தாழ்வாரத்தை இடித்துப் பெரிதாக்கி, நோயாளிகளின் வீட்டாருக்கு ஒரு காத்திருப்புக் கூடமும் அதை ஒட்டி ஓர் அமைதி அறையும் வடிவமைக்க வேண்டும். சிறந்த வடிவமைப்பை மருத்துவமனை உண்மையிலேயே கட்டும். எல்லா வரைபடங்களும் ஒரு மாதம் அங்கேயே சுவரில் தொங்கும். நிபந்தனை ஒன்றுதான். அங்கே காத்திருந்த ஒருவரிடம் ஒவ்வொரு மாணவரும் ஒரு மணி நேரம் பேசி, அந்த ஆளுக்காக வடிவமைக்க வேண்டும். வேறு வேறு ஆள்.

மருத்துவமனைக் காவலாளி முதல் நாளே இரண்டு பேரை விரட்டினார். மூன்றாவதாகப் போக வேண்டிய மாணவி பாதி வழியில் திரும்பி, பணிமனைக்கு இறங்கி வந்தாள். வரைந்ததைவிட அழித்தது அதிகம் என்பதால் அவளுக்கு ரப்பர் என்று பெயர்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அங்க உக்காந்திருந்தப்போ உங்களுக்கு என்ன வேணும்னு தோணிச்சு?"

லேசர் அக்கா உள்ளே தேடிப் பார்த்தாள். பதில் இருக்க வேண்டிய இடம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருக்கிற முகத்தைப் பார்த்தால் எதையாவது கொடுத்துவிடும் பழக்கம் சாயங்காலங்களில் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

"ஒரு மரம் தெரிஞ்சா தேவலன்னு தோணிச்சு."

"அய்யோ, சூப்பர்க்கா! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நான் உங்ககிட்ட கேட்டேன்னு."

மறுநாள் உயரமான ஒரு மாணவன் வந்தான். அவனுக்கு மீன் தொட்டி. அவனும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அப்புறம் வந்தவளுக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஈர மணல். அடுத்தவனுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு கத்த ஓர் அறை. இன்னொருத்திக்கு ஊஞ்சல். வகுப்பில் இருபத்திரண்டு பேர். திருட்டுத்தனம் செய்தது தான் ஒருவர்தான் என்று இருபத்திரண்டு பேரும் நம்பினார்கள். பிறகு அந்த மரத்தையும் தொட்டியையும் ஊஞ்சலையும் வெட்டிக்கொடுத்ததும் அவள்தான். இது என் மீன் தொட்டி, இது என் மணல் என்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று மில்லி அட்டை, அவ்வளவுதான்.

மதிப்பீட்டு நாளன்று மேடத்தோடு மருத்துவமனையின் கட்டட எஞ்சினியரும் வந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோத் தரையில், அங்கே வழக்கமாகச் செய்வதுபோல, அந்தத் தாழ்வாரத்தை மாணவர்கள் நிஜ அளவில் காகித டேப்பால் ஒட்டிக் காட்டியிருந்தார்கள். சுவர் ஒரு கோடு. கதவு ஓர் இடைவெளி. லிஃப்ட் ஒரு சதுரம்.

எஞ்சினியர் முதல் மாதிரியைக் குனிந்து பார்த்தார். "ஐசியூ வாசல்ல ஊஞ்சலாம்மா?"

"யூசர் கேட்டாங்க சார்."

"ஆடுவாங்களா?"

"மெதுவாத்தான் ஆடுவாங்களாம் சார்."

யாருக்காக வடிவமைத்தது என்ற குறிப்பு தாளின் மூலையில் இருந்தது. பெண், வயது நாற்பத்தாறு, கணவர் பத்தொன்பது நாள் சிகிச்சையில். இரண்டாவது தாளிலும் பெண், நாற்பத்தாறு. மூன்றாவதிலும். ஆறாவது தாளில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னம்மா இது, எங்க ஆஸ்பத்திரிக்கு நாப்பத்தாறு வயசுக்காரங்க மட்டுந்தான் வராங்களா? அதுவும் எல்லார் வீட்டுக்காரரும் சொல்லிவச்ச மாதிரி பத்தொம்பது நாளா?"

மேடம் எழுந்து போய் மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. அந்தக் குரலுக்குத்தான் வகுப்பே நடுங்கும்.

"அந்த அம்மாவுக்கு மரமும் வேணும், மீனும் வேணும், மணலும் வேணும், கத்துறதுக்கு ரூமும் வேணும். அவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா, பொருட்காட்சிக்கு வந்தாங்களா? யாரு அது?"

ரப்பர்தான் வாயைத் திறந்தாள். "நம்ம லேசர் அக்கா, மேடம்."

இருபத்தொரு தலைகள் அவள் பக்கம் திரும்பின. "நீயுமாடி?" என்றது ஒரு குரல்.

"கூப்பிடு அவங்கள. இதுல எது நெஜம்னு சொல்லட்டும். எதுவுமே நெஜமில்லன்னா இருபத்திரண்டும் செல்லாது. எல்லாரும் இந்த செமஸ்டரத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்."

லேசர் அக்கா மாடிக்கு வந்தாள். வழியெல்லாம் ரப்பர் கெஞ்சிக்கொண்டே வந்திருந்தாள். மரம் என்று சொன்னால் போதும், மீன் என்று சொன்னாலும் போதும், ஏதோ ஒன்று. சொல்வதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. அவளுக்கு அது கைவந்த கலை. உள்ளே நுழைந்தவள் தரையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் சுவர்க் கோடுகளைத் தாண்டி மிதித்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சுற்றிப் போய், கதவுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள். இடது பக்கச் சுவரை ஒட்டி மூன்றாவது நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றாள்.

"இங்கதானே உக்காந்திருந்தீங்க?" என்றார் எஞ்சினியர்.

"ஆமா சார்."

"என்ன வேணும்னு தோணிச்சும்மா?"

"ஒண்ணும் தோணல சார்."

ரப்பர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மரமெல்லாம் நான் சும்மா சொன்னது. பிள்ளைங்க கேட்டாங்க, சொன்னேன்." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "பாத்ரூம் எங்க?"

ஒரு மாணவன் வெளியே கை காட்டினான். "வெளிய வராண்டால அக்கா, லெஃப்ட்ல."

"இங்க இல்ல. இதுல." அவள் டேப்பைக் காட்டினாள்.

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது நம்ம சைட்டுக்கு வெளிய வருதுக்கா. நாங்க வரையல."

அவள் கதவு இடைவெளி வழியாக வெளியே வந்தாள். லிஃப்ட் சதுரத்தைத் தாண்டினாள், மேசைகளைத் தாண்டினாள், மாதிரிகள் அடுக்கிய அலமாரியைத் தாண்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஸ்டுடியோவின் கடைசி ஜன்னலருகில் நின்று, அங்கிருந்தே பேசினாள். டேப் பக்கம் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"பாத்ரூம் இவ்ளோ தூரம். இங்க இருந்தேன். ஃபோன அந்தப் பக்கம் சார்ஜுக்குப் போட்டிருந்தேன். ஸ்பீக்கர்ல ஒம்பதாம் நம்பர் பெட்டுன்னு மூணு தடவ கூப்பிட்டாங்களாம். எனக்குக் கேக்கல. முகம் கழுவிட்டு, தலைய ஒதுக்கிட்டு, மெதுவாத்தான் போனேன். போனப்போ திரை இழுத்து விட்டிருந்துது."

அவ்வளவுதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வழி கேட்டவர்களுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும் என்று கையெழுத்துப் போட்டவர் எஞ்சினியர்தான். அவர் எதையோ எழுதினார், அடித்தார், பேனாவை மூடினார்.

மேடம் இருபத்திரண்டையும் செல்லாது என்று சொல்லவில்லை. செல்லும் என்றும் சொல்லவில்லை. பத்து நாள் கொடுத்தார். கழிப்பறைக் கதவிலிருந்து ஆரம்பித்து, கதவுக்கு மேல் ஏழடி உயரத்தில் ஒரு ஸ்பீக்கரும் வைத்து, எல்லாரும் மறுபடி வரைய வேண்டும். அந்த அம்மா சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அச்சடிக்க வேண்டும்.

"அக்கா, உங்க பேரு போடலாமா?" என்று ரப்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"லேசர் அக்கான்னே போடு."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அண்ணி மாதம் ஒரு முறை சர்க்கரை அளவு பார்க்கப் போவது அந்த மருத்துவமனைக்குத்தான். ரிப்போர்ட் வாங்க அந்தத் தாழ்வாரம் வழியாகத்தான் போக வேண்டும். அண்ணியோ அச்சடித்த எதையும் படிக்காமல் தாண்டியவள் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தையே முன்னும் பின்னும் படிக்கிறவள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும் நினைவில்லை, செருப்பைக் கழற்றியது நினைவிருந்தது. அண்ணி சாப்பாட்டு மேசையில் குறுக்கெழுத்துப் புதிரை விரித்து வைத்திருந்தாள்.

"வாடி. இன்னிக்கு என்ன சொன்னான்?"

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணி, நான் பக்கத்துல இல்ல."

"ம்."

"பாத்ரூம்ல இருந்தேன். கூப்பிட்டது கேக்கல."

அண்ணி ஒரு கட்டத்தில் எழுத்தை நிரப்பினாள். அடுத்த கட்டத்தையும் நிரப்பினாள். "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீ வரலன்னதும் என் நம்பருக்குத்தானேடி அடிச்சாங்க? ரெண்டாவது நம்பர்னு நீதானே எழுதிக் குடுத்தே? நாப்பது வருஷம் போஸ்டாபீஸ்ல இருந்தவ நான். ஒட்டின கவரத் தடவிப் பாத்தே உள்ள என்னன்னு சொல்லுவேன். வாயில கொழாயோட இருந்தவன் ஜோக்கு சொன்னான்னு என் காதுலயே பூ சுத்தறே!"

"அப்புறம் ஏன் தெனமும் கேட்டீங்க?"

"கேக்காம? உசுரோட இருந்தப்போ அவன் இவ்ளோ பேசினதே இல்லையே."

ஏதாவது வரும் என்று லேசர் அக்கா காத்திருந்தாள். அழுகையோ சிரிப்போ, எது வந்தாலும் சரி. வரவில்லை. மேசையின் மரம் முழங்கைக்குக் கீழே சில்லென்று இருந்தது. அது மட்டும் தெரிந்தது. ஸ்டுடியோவில் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி எழுந்து போய் இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வைத்தாள். பிறகு எதுவும் நடக்காததுபோல், "இப்போ என்ன பண்ணப்போறாங்களாம்?" என்று கேட்டாள்.

"பாத்ரூம்லயும் ஒரு ஸ்பீக்கர் வைப்பாங்க."

"எங்க?"

"கதவுக்கு மேல. ஏழடி உயரத்துல."

"ஏழடியா? எந்த மடையன் சொன்னான்? எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்துல என்னடி கேக்கும்? வாஷ்பேசின் பக்கத்துல வைக்கச் சொல்லு."

அவள் பென்சிலை வாங்கி, செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கதவும் ஒரு வாஷ்பேசினும் வரைந்தாள். அதன் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டு, தாளை அண்ணி பக்கம் திருப்பினாள்.

"இங்கயா?"

அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ."

அவள் அழித்துவிட்டுக் கீழே போட்டாள்.