கரும்பில் நின்ற பல்

“முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. அடுத்த எக்ஸ்ரே வரை குழைந்த சோறு.” மார்கழியின் கடைசி வெள்ளியன்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இவ்வளவுதான் இருந்தது. அதன் பின்பக்கம் தேதியையும் அன்று மேகமூட்டம் என்பதையும் நான் குறித்து வைத்தேன். பாகூர் ஏரி எந்த வருஷம் எப்போது நிரம்பியது என்று கேட்டால் சொல்வேன். என் ஈறில் ரத்தம் எப்போது வரத் தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது பதில் இல்லை. வாயைச் சுத்தமாக வைக்காதவனுக்கு வரும் நோய் என்று நினைத்து, எனக்கே தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

அந்தச் சீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே முன்பல் ஒன்று ஆடி விழுந்திருந்தது. ஈறைக் கிழித்து, வேரடியைச் சுரண்டித் தைத்தார்கள். அது ஆறியதும், அந்த வெள்ளியன்றுதான் எலும்பில் ஸ்குரூ ஒன்றை இறக்கினார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொண்டால்தான் அதன்மேல் நிலையான பல் வரும். அதுவரை கழற்றி மாட்டும் பல் ஒன்று கொடுத்தார்கள். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்கு அரியூரில் நிச்சயம் செய்திருந்தோம். சம்பந்தி வீட்டில் பொக்கைவாயன் என்று பேசிவிடக் கூடாதே.

காணும் பொங்கலன்று அவர்கள் வீட்டில் விருந்து. இலையில் விழுந்த ஆட்டுக்கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசம் சோறு சாப்பிட்டேன். “வயிறு சரியில்ல” என்றேன்.

மாசியில் சம்பந்தி எங்கள் கரும்புக் கொல்லைக்கு வந்தார். எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கு வந்துவிட்டதா என்று கடித்துப் பார்ப்பதுதான் வழக்கம்: அடிக்கரும்புக்குச் சமமாக நுனியும் இனித்தால் வெட்டலாம். அதில் எனக்கு ஊரில் பெயர் உண்டு. அவர் கரும்பு ஒன்றை ஒடித்து நீட்டினார்.

“இன்னா சம்மந்தி, உங்க வாயால சொல்லுங்க, வெட்டலாமா?”

மனைவி என்னைப் பார்த்தாள். “அவருக்கு இன்னிக்கு சளி...” என்று இழுத்தாள்.

“சளிக்கும் கரும்புக்கும் இன்னாம்மா சண்ட?”

கத்தியால் சீவித் துண்டு போட்டுக் கடைவாயில் மென்றிருக்கலாம். சந்தேகப்பட்டுவிடுவாரே என்று, சீவாமலே முன்வாயில் வைத்துத் தோலைக் கிழித்தேன். ‘டக்’ என்றது. மாட்டியிருந்த பல் கரும்பிலேயே நின்றது. ஈறிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

சம்பந்தி சிரிக்கவில்லை. கரும்பிலிருந்து பல்லை மெல்லப் பிடுங்கி, துண்டில் துடைத்து என் கையில் வைத்தார்.

“இதுக்குத்தான் அன்னிக்கு கறிய ஒதுக்குனீங்களா? தன் கைச் சமையல் உங்களுக்குப் புடிக்கலன்னு எங்க வூட்டம்மா அழுதுட்டா. பொண்ணக் குடுக்க இஷ்டமில்லயோன்னுகூட பேசிக்கினோம்.”

என்னால் நிமிர முடியவில்லை. பொக்கைவாய்க்கு வெட்கப்பட்டு, ஆசையாகச் சமைத்துப் போட்ட ஒருத்தியை அழவைத்திருக்கிறேன். “தப்பா எடுத்துக்காதீங்க” என்றேன். பல் இல்லாத வாயில் அதுவும் காற்றாகத்தான் வந்தது.

“வுடுங்க. அவகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. பல்ல மாட்டிக்கினு வராதீங்க, அப்பதான் நம்புவா.”

மறுநாள் அப்படியே போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கறியைக் கொத்தி, குழைய வேகவைத்துப் போட்டார்கள். தலை குனிந்தே சாப்பிட்டேன்.

கல்யாணம் வைகாசியில் என்று உறுதியாகிவிட்டது. அன்று கடித்ததில் ஸ்குரூ அசைந்ததா என்று கேட்டதற்கு, ஈறு வீக்கம் வடிந்து எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். படம் இன்னும் எடுக்கவில்லை. எலும்பு ஸ்குரூவைப் பிடித்திருக்கிறதா என்பது இதை எழுதும்போது உறுதியாகத் தெரியவில்லை.