வாஷர் அண்ணன் எழுந்து நின்ற சனிக்கிழமை

அவருக்கு வாஷர் அண்ணன் என்று பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், போய்த் திருகிப் பார்த்துவிட்டு, "வாஷர்தான்" என்பார். முப்பது வருடத் தொழிலில் அதற்கு மேல் அவர் வாயிலிருந்து பெரிதாக எதுவும் வந்ததில்லை.

அவர் மனைவிக்கு வட்டார நூலகத்தில் வேலை. நூலக மாடியில் சமூகத் தலைமைப் பயிற்சி என்று பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு ஒரு வகுப்பு. இருபது பேர் வேண்டும்; ஒருவர் குறைந்தார். அவள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"என்னது?"

"தலைமைப் பயிற்சி."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஒரு ஆள் குறையுது."

"மாடியில குழாய் அடைச்சுக்கிட்டா கூப்பிடு, வரேன். இதுக்கெல்லாம் நான் எதுக்கு?"

"சும்மா போய் உட்கார்ந்துட்டு வாங்களேன்."

சும்மா உட்காருவது என்றால் சரி என்று கையெழுத்துப் போட்டார். முதல் நாளே ஏமாந்தார். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எட்டு நிமிடம் பேசினார். இவர் முறை வந்ததும் "குழாய் வேலைங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் போகாமல் இருக்க நல்லதாக ஒரு முதுகுவலியைக்கூட யோசித்து வைத்தார். மனைவி குடையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்று பயிற்சி வேறு மாதிரி. எதிரில் இருப்பவர் பத்து நிமிடம் பேச, குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். தலைமையாசிரியர் இரண்டாவது நிமிடமே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாஷர் அண்ணனுக்கோ இது பழகிய வேலை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும் ஆளிடம் ஜனங்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். ஓடிப்போன மருமகனைப் பற்றியும் கேட்டிருக்கிறார், வராத தூக்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பயிற்சி நடத்திய பெண் அவரைத்தான் பாராட்டினாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை மூன்று தரம் சொன்னார்.

ஏழாவது வாரம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தேடச் சொன்னார்கள். அவரும் தலைமையாசிரியரும் எடுத்துக்கொண்டது நூலகத்துக்கு எதிரே இருந்த மூன்று மாடிக் குடியிருப்பு. அங்கே காலையில் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வராது. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறார்கள் என்று மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர் சொல்வாள். கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாளும் சும்மா விடமாட்டாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

வாஷர் அண்ணனும் தலைமையாசிரியரும் மொட்டை மாடி ஏறித் தொட்டியைப் பார்த்தார்கள். தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒன்றரை இன்ச் குழாய்க்கு நடுவே முக்கால் இன்ச் துண்டு ஒன்று நின்றது. வாஷர் அண்ணன் குனிந்து பார்த்தார். அந்த இணைப்பில் ஒழுகாமலிருக்க நூல் சுற்றியிருந்த விதம் அவர் கை வேலை. தலைமையாசிரியர் தொட்டி மூடியின் துருவைக் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். "சத்தமில்லாம போய் மாத்திட்டு வந்துடலாம்னு பாக்குறேன்."

"மாத்துங்க. தண்ணி வந்துடும்," என்றாள். "அந்த ரெண்டு பேரும் பேசிக்குவாங்களா?"

அவர் எழுந்து போய்ச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கென்று சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தார்.

சனிக்கிழமை குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். தலைமையாசிரியர் வரவேற்புரை முடிப்பதற்குள் டீச்சரும் தையல்கார அம்மாளும் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். வாஷர் அண்ணன் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு இவங்க ரெண்டு பேர் மேலயும் இல்லைங்க. மேல தொட்டிக்கிட்ட குழாய் ஒரு இடத்துல சின்னதா இருக்கு. கீழ திறந்தா மேல வராது. அதைப் போட்டது நான். அன்னிக்குப் பெரிய குழாய் வாங்கப் போனா கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன். ஒம்பது வருஷம் ஆச்சு."

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்போ நான் இவங்களைத் திட்டினதெல்லாம்?"

"எனக்கு வந்திருக்க வேண்டியதுங்க."

தையல்கார அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்சநஞ்சமாவா திட்டினாங்க, அண்ணே. நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது.

மறுநாள் காலையிலேயே துண்டை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் போட்டார். மேலே குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததும் டீச்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்து, "அக்கா, நீங்களும் திறந்து பாருங்க" என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த 'அக்கா' வந்தது அன்றுதான்.

பயிற்சி முடிந்ததும் குடியிருப்புக்காரர்கள் மாதக் கூட்டத்தை நடத்தித்தர அவரையே கூப்பிட்டார்கள். தன் வேலையில் பழுது இருந்ததென்று வாய்விட்டுச் சொன்ன ஆளை அதற்குமுன் அவர்கள் பார்த்ததில்லையாம். அவர் கூட்டங்கள் லேசில் முடிவதில்லை. கடைசி ஆள் பேசி ஓயும்வரை உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி டீச்சரும் தையல்கார அம்மாளும் நூலகத்துக்கே சேர்ந்து வந்து அவர் மனைவியிடம் புகார் சொல்கிறார்கள்.