வியன்னாவில் நாலு நாள்

நானும் சமூக அறிவியல் டீச்சரும் பதினோரு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம். உத்திரமேரூரில் ஏறி, பெருநகரைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் முனையில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் உள்ளே போனால் எங்கள் பள்ளிக்கூடம். நான் கணக்கு டீச்சர். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான்.

ஒரு திங்கட்கிழமை அக்கா பஸ்ஸில் பாதி தூரம் போனதும் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பா வரைபடம் நடத்தும்போது ஒரு பெண் எழுந்து, மிஸ் நீங்க இந்த ஊரெல்லாம் பார்த்திருக்கீங்களா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு சனி ஞாயிறு முழுக்க அதே நினைப்பு.

"இருபத்திரண்டு வருஷமா போர்டுல வரையறேன் டீச்சர். கண்ணை மூடிக்கினு இத்தாலிய வரைஞ்சிடுவேன். எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

அப்புறம் மெதுவாக, "போலாமா?" என்றார்.

காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போகலாமா என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே, "போலாமே" என்று சொல்லிவிட்டேன். இறங்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் அக்காவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுக்குத் திட்டம் போடும் நேரம் ஆனது. எங்கள் சம்பளத்துக்கும் மே மாத லீவுக்கும் அடங்குகிற மாதிரி ஒரே ஒரு தலைநகரம், நாலே நாள். லண்டனுக்குத் தனி விசா என்பதால் முதலில் அதை அடித்தோம். பாரிஸில் ஒரு காப்பி விலையைப் பார்த்ததும் அக்காவே அதையும் அடித்தார். அக்கா கிறிஸ்தவர், ரோமுக்கு ஆசைப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரோமுக்குப் போனால் சர்ச் பார்க்கவே தனக்கு நாலு நாளும் சரியாகப் போய்விடும், பாவம் நான் என்ன செய்வேன் என்றார். கடைசியில் வியன்னா நின்றது. அரண்மனைத் தோட்டத்துக்குக் காசு கிடையாது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஒரு டிக்கெட் எடுத்தால் டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் ஏறி இறங்கலாம். போதாக்குறைக்கு டான்யூப் ஆறு வேறு ஓடுகிறது. பையன்கள் எழுத்துப் பிழையோடு எழுதி எழுதி அக்கா திருத்தித் திருத்தி அலுத்துப்போன ஆறு.

நான் கிராஃப் தாளில் கட்டம் போட்டேன். படுக்கையாக மணி, செங்குத்தாகத் தூரம். பதினாலு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தங்குவதற்கு ஒரு அறையில் ஆறு பெண்கள் படுக்கும் விடுதி கிடைத்தது. ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். டாக்ஸிக்குக் கொடுப்பதை வைத்து இன்னொரு ராத்திரி தங்கிவிடலாம் என்று கணக்குச் சொன்னதால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது என்று முடிவு செய்தோம்.

நம்மால் முடியுமா என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடமும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், ஒரு நாள் இழுத்துப் பார்த்துவிடலாமே என்றேன். அடுத்த நாளே இரண்டு புதுச் சக்கரப் பெட்டிகளில் பத்துப் பத்துக் கிலோ அரிசியை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினோம். வழக்கமாக ஏறும் ஷேர் ஆட்டோவை அனுப்பிவிட்டு நடந்தோம். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் எட்டுச் சக்கரமும் போட்ட சத்தத்தில் ஊர் நாயெல்லாம் கூடவே வந்தன. இரண்டு பக்கமும் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா அவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வந்தார். இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. வியர்த்துக் கொட்டியது. ஆனால் வியன்னாவில் இவ்வளவு வெயில் இருக்காது என்று பேசிக்கொண்டோம்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரே சத்தம். முப்பது நாற்பது பெண்கள், காலில் சேறு காயாமல், அப்படியே வயலிலிருந்து வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தார். தன் மூன்று பெண்களையும் எங்களிடம் படிக்க வைத்த ஒரு அம்மாதான் முன்னால் நின்று பேசினாள்.

"ரெண்டு டீச்சரையும் ஒரே நாள்ல தூக்கிட்டா எங்க புள்ளைங்க இன்னா சார் பண்ணும்? ஆர்டர திருப்பி வாங்குங்க. இல்லாட்டி நாங்க கலெக்டராண்ட போறோம்."

எந்த மாற்றல் ஆர்டரும் வரவில்லை என்று தலைமை ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டி படுக்கையோடு அவங்க வந்ததை எங்க கண்ணால பார்த்தோமே என்று அவர்கள் விடவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அக்கா உள்ளே போய் பெட்டியை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் திறந்து காட்டினார். உள்ளே இருந்த அரிசியைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் குழம்பியது. எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் அக்கா உள்ளதைச் சொன்னார்.

"அது எங்க கீது டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

அவ்வளவுதான். அக்கா எல்லாரையும் ஒன்பதாம் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தார். சாக்பீஸை எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல், கடல் ஓரத்திலிருந்து தொடங்கி ஐரோப்பா முழுக்க வரைந்தார். ஆற்றை வளைத்து வளைத்துக் கொண்டுவந்து ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் நம்ம ஊர் எங்கே என்று ஒருத்தி கேட்க, போர்டில் இடம் போதாமல் ஜன்னலைத் தாண்டிச் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். பெண்கள் அந்த இரண்டு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அங்கே சோறு கிடைக்காதா, அதனால்தான் அரிசி கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்கள். பனி கீழே விழுந்தால் சத்தம் கேட்குமா என்று ஒரு பாட்டி கேட்டாள். மே மாதத்தில் பனி பெய்யாது என்றதும் அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று எழுந்து போய்விட்டாள்.

இதில் ஒரு சிக்கல். என் கணவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வெளிநாடு போகக் கல்வித் துறை அனுமதி கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அவர் பயிர் வைக்கிறவர். சாயங்காலம் உரக்கடையில் இருந்தபோதே அவருக்குச் செய்தி போய்விட்டது.

"ஆஸ்திரேலியாவுக்குப் போறியாமே," என்றார், வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டுக்கொண்டே.

ஆஸ்திரியா என்று திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது. அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு தனக்குத் தெரிகிறதே என்றுதான் அவருக்கு வருத்தம், போவதில் இல்லை. அது எனக்கும் புரிந்தது. நடக்குமோ நடக்காதோ என்று பயந்துதான் சொல்லவில்லை, சொல்லிவிட்டு நடக்காமல் போனால் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும் என்றேன். நீங்களும் வாங்க என்று கேட்டேன். அறுப்பு சமயத்தில் நெல்லை யாராண்ட விட்டுவிட்டு வர்றது என்றார். சாப்பிட்டு முடிக்கும்போது, "அவ்ளோ தூரம் போயி நாலே நாளா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் தீர்ந்திருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நாலு சக்கரத்துக்கும் டிராக்டர் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பாஸ்போர்ட் வந்தது. துறை அனுமதி வந்தது. சென்னையில் விசா விண்ணப்ப மையத்தில் பயணத் திட்டம் கேட்டார்கள். நான் கிராஃப் தாளை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். நான் விளக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். அக்கா அமைதியாகத் தன் பையிலிருந்து முத்து முத்தான எழுத்தில் எழுதிய நாலு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என் கிராஃப் மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவர் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையில் சமாதானம் ஆனேன்.

பாஸ்போர்ட்டுகள் பள்ளிக்கூட முகவரிக்கே திரும்பி வந்தன. கவரைப் பிரிக்க அக்காவுக்குக் கை வரவில்லை. எனக்கும்தான். சத்துணவு சமைக்கும் அம்மா வந்து காய் நறுக்கும் கத்தியால் ஓரத்தைக் கீறிக் கொடுத்தாள். இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார்.

போனோம். பதினாலு இடங்களில் ஆறுதான் பார்த்தோம். அரண்மனைத் தோட்டத்தில் அரை மணி என்று போட்டிருந்தேன், அங்கேயே ஒரு பகல் போய்விட்டது. டான்யூப் கரையில் அக்கா தண்ணீரில் கை நனைத்து, முகத்தில் தெளித்துக்கொண்டு, நம்ம பாலாற்றில் இப்படித் தண்ணீர் ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

மூன்றாம் நாள் ஒரு டிராமில் திசை மாறி ஏறிவிட்டோம். அது ஊரை விட்டு வெளியே வந்து ஒரு மேட்டில் போய் நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் பத்து விரலையும் காட்டினார், பத்து நிமிஷத்தில் இதே வண்டி திரும்பிப் போகும் என்று. இறங்கிக் கொஞ்சம் நடந்து பார்த்தால் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். வரிசை வரிசையாக, அளவெடுத்து நட்ட மாதிரி, புதுத் தளிர் விட்டிருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம். நான் என் கணவருக்கு வீடியோ காலில் காட்டினேன். அவர் களத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"மேட்டுல நட்டுக்கிறாங்களே, தண்ணி எப்டி பாய்ச்சுறாங்க? கேட்டு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. ஓடிப்போய் டிரைவரைக் கேட்டோம். எங்கள் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் முட்டி மோதிக் கேள்வி புரிந்ததும், இருபது வருஷமாக இந்த வழியில் வண்டி ஓட்டுகிறேன், அதை நினைத்துப் பார்த்ததே இல்லையே என்றார். இறங்கி வந்து எங்களோடு சேர்ந்து அவரும் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.