சிவப்பு வண்டிக்கு இரண்டு ரிமோட்

மின்னி பேயில் இருக்கும் மைனி தன் வீட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, ஒரு தகரப் பெட்டி ஆட்டோவில் ஏறி குட்வில் எஸ்டேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. மைனி என் கணவரின் அக்கா. பெட்டிக்குப் பின்னாலேயே அவரும் இறங்கினார்.

“ஒன் புருஷன் சொத்து வந்திருக்கு, எறக்கி வைய்யி. இத்தன வருசமா வாடகை வாங்காம வச்சிருந்தேன்லா.”

திறந்து பார்த்தால் இரண்டு ரிமோட் கார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கூடவே நீண்ட ஏரியல் வைத்த இரண்டு ரிமோட்டுகள். வாங்கிய அன்றே ஓட்டிவிடும் பொம்மைகளைப் போல இல்லை. பாகம் பாகமாக வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கிச் செய்த வண்டிகள். அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடம் போன காலத்தில், கப்பலில் வேலை பார்த்த என் மாமனார் கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து ஜோடியாக வாங்கி வந்தாராம். சிவப்பு தம்பிக்கு, நீலம் அக்காவுக்கு.

“ரெண்டு பேரும் ரேஸ் விடுவீங்களா மைனி?”

“ரேஸா? சண்டைதான். இப்ப ஒன் முறை, இப்ப என் முறைன்னு கத்திக் கத்தியே சாயங்காலம் போயிரும்.”

ஆளுக்கொரு வண்டி இருக்கும்போது எதற்கு முறை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா தம்பி சண்டைக்குக் காரணமா வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவருக்கு வேறொரு தீவில், ஹட் பேயில் வேலை. கப்பல் ஒத்துழைத்தால் மாதத்துக்கு ஒருமுறை வருவார். போனில் விஷயத்தைச் சொன்னதும், “அது இன்னுமா இருக்கு? துரு தின்னுருக்கும், தூக்கிப் போடு” என்றார். போனை வைக்கப் போனேன். “செவப்பு வண்டிக்கு நாலு சக்கரமும் இருக்கா?” என்றார்.

நானும் தூக்கித்தான் போட்டிருப்பேன். பழைய பேட்டரி, பழைய பெயின்ட், கூர் கூராக ஆணிகள். குழந்தை இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு? ஆனால் அதற்குள் என் மகள் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மகள் ஒன்றாம் வகுப்பு. காலனிப் பிள்ளைகள் முற்றத்தில் சைக்கிளில் பறப்பார்கள். இவள் சைக்கிளில் மட்டும் பின்பக்கத்துக் குட்டிச் சக்கரங்கள் இன்னும் இருக்கின்றன. கழற்றலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன், முழங்கை எலும்பை நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவேன். அதனால் அவள் ஓரமாக நின்று பார்ப்பதே வழக்கம். அன்று அந்த ஓரத்தில் நின்றபடியே பெரிய வார்த்தை ஒன்றை விட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் அப்பாவின் ரேஸ் கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக் காட்டுவேன் என்று. மாடி வீட்டுச் சிறுமி இவளைவிட ஒரு வகுப்பு பெரியவள், புது ரிமோட் கார் வைத்திருப்பவள். அவள் எல்லார் முன்னாலும் “ஜூட்டி!” என்றாளாம். பொய்க்காரி. எங்கள் காலனியில் வங்காளப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் இந்தியில்தான் விளையாடுவார்கள், திட்டுவதும் அதில்தான்.

“நான் ஜூட்டியாம்மா?”

“இல்லடா செல்லம்.”

“அப்ப கார் ஓடும்தான?”

ஓடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். முதல்முறையாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வரப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாவிட்டால் இனிமேல் கீழே இறங்கவே மாட்டாள். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான்.

மகள் பள்ளிக்கூடம் போனதும் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். நான் படித்தது பி.காம். ஸ்க்ரூடிரைவர் பிடித்தது மிக்ஸி ஜாருக்கு மட்டும். எதை எங்கிருந்து கழற்றினேன் என்று மறந்துவிடக் கூடாதே என்று, இட்லித் தட்டை எடுத்து குழிக்கு ஒரு பகுதியாக ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்தேன். முதல் குழியில் முன்சக்கரம், அடுத்ததில் மோட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் தோசை.

மேல்கூட்டைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. நெடுநாள் திறக்காத அலமாரியும் பழைய முறுக்கும் சேர்ந்தாற்போல. உள்ளே கியர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பிசின் ஒன்று பலாப்பழப் பால்போல இறுகிக் கிடந்தது. அதற்குள் எறும்புகள், செத்தவையும் உயிரோடு இருப்பவையும்.

மைனிக்குப் போன் செய்தேன்.

“எறும்பா? எப்படி வரும்? உப்புக் காத்து பட்டுரக் கூடாதுன்னு நல்ல நிக்கோபார் தேங்கா எண்ணெய நாந்தான் சொட்டச் சொட்டத் தடவி வச்சேன்.”

“மைனி, அந்த எண்ணெதான் இறுகிப் போயிருக்கு.”

“அரே, பூட்டுக்குப் போடுதோம், தையல் மெஷினுக்குப் போடுதோம், ஒன் மக தலைக்கும் போடுதோம். எதாவது இறுகுச்சா?”

இந்த ஊரில் துருவுக்குப் பயந்து தேங்காயெண்ணெய் காணாத சாமான் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக் கதவுக் கீலுக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து, மகளின் பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். பிசின் கழன்று வந்தபோது ஒரு கியரில் மூன்று பற்களும் சேர்ந்து வந்துவிட்டன.

அதே மாதிரி கியர் நீல வண்டியில் இருந்தது. கேட்டதும் மைனி நேரிலேயே வந்துவிட்டார்.

“என் வண்டியில கைய வைக்காத. செவப்பு ஓடணும்னா நீலம் சாகணுமா? சின்ன வயசுலயும் இதே கததான்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் மைனி. பாப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா.”

மகள் சோபாவுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் நீட்டினாள். மைனி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இட்லித் தட்டைப் பார்த்தார்.

“சரி, எடுத்துக்கோ. பாப்பா ஓட்டி முடிச்சதும் அடுத்து நாந்தான். ஒன் புருஷன் கப்பல்ல வந்து குதிச்சாலும் நாந்தான்.”

முன் டயர்களும் நீல வண்டியிலிருந்துதான் வந்தன. சிவப்பு வண்டியுடையவை காய்ந்துபோன வடைபோல வெடித்திருந்தன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் செப்புத் தகடு பச்சை பிடித்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்ததும் பளபளத்தது. பழைய பேட்டரி வெள்ளைத் தூளாகக் கக்கியிருந்தது. கையுறை போட்டு எடுத்து, பையில் கட்டி, பால்கனியில் வைத்து, பிறகு பால்கனியிலும் மகள் போவாளே என்று கதவைப் பூட்டினேன்.

புதுப் பேட்டரியை ஆன்லைனில் தேடினால், எங்கள் பின்கோடு போட்டதும் ‘இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது’ என்று சிவப்பெழுத்து வந்தது. பேட்டரி விமானத்தில் ஏறாது. கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. கடைசியில் பஜாரில் சார்ஜ் ஏறும் பென்சில் செல்களை வாங்கி, ஆறை வரிசையாக ஒரு கூட்டில் அடுக்கி ஒயரில் இணைத்தேன். வீடியோவில் பார்த்து, அணைத்து, மறுபடி பார்த்து, தப்பாக இணைத்தால் தீப்பிடிக்குமோ என்று பக்கத்தில் ஒரு வாளி மணலையும் வைத்துக்கொண்டேன்.

சிவப்பு ரிமோட்டின் ஸ்பிரிங் துருப்பிடித்து விளக்கு எரியவில்லை. சும்மா பார்ப்போமே என்று நீல ரிமோட்டில் செல் போட்டுத் தள்ளினேன். மேஜைமேல் இருந்த சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது! சாம்பார்க் கிண்ணத்தில் முட்டி நின்றது. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அடுத்த நாள் அந்த ஸ்பிரிங்கையும் தேய்த்துச் சரிசெய்தேன். சிவப்பு ரிமோட்டுக்கும் வண்டி ஓடியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டி ஒன்று, ரிமோட் இரண்டு. மகள் சிவப்பை வைத்து ஓட்டட்டும், நீலம் என் பையில் இருக்கட்டும். முற்றத்தின் ஓரத்தில் மழைநீர் ஓடும் நாலா இருக்கிறது. வண்டி அந்தப் பக்கம் போனால், அவளுக்குத் தெரியாமலே நான் நிறுத்திவிடலாம். பிள்ளைக்கு அவமானம் வராது. இப்படி ஒரு வசதி சைக்கிளுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கீழே இறங்கினோம். மைனி நல்ல புடவையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிமோட்டின் ஏரியல் யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாது என்று அதன் நுனியில் ஒரு தெர்மோகோல் உருண்டையைச் செருகியிருந்தேன். மகள் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மாடி வீட்டுச் சிறுமி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

நான் கொஞ்சம் தள்ளி, கொடிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, துப்பட்டாவுக்குள் நீல ரிமோட்டை முன்னேற்பாடாக ஆன் செய்தேன்.

மகள் விசையைத் தள்ளினாள். வண்டி நகரவில்லை. அதன் முன்சக்கரங்கள் மட்டும் குளிரில் நடுங்குவதுபோல் இடமும் வலமும் வெடவெடவென்று ஆடின. பிறகு திடீரென்று ஒரு துள்ளு, ஒரு நிறுத்தம். அப்படியே அரை வட்டம் அடித்து நாலாவைப் பார்த்துக் கிளம்பியது.

நான் என் விசையைப் பின்னால் இழுத்தேன். வண்டி இன்னும் கூடுதலாகத் துள்ளியது. பயந்து முழு பலத்தோடு இழுத்தேன். அது வலிப்பு வந்ததுபோல் சுற்றியது.

“பாகல் காடி!” என்று ஒரு பிள்ளை கத்த, எல்லாரும் சிரித்தார்கள். பைத்தியக்கார வண்டி.

“பாப்பா, மெதுவா! ரைட்டுல திருப்பு! விடு, விடு!” என்று நான் கத்தினேன்.

“நான் ஒண்ணுமே பண்ணலம்மா!” மகளின் கீழுதடு மடங்க ஆரம்பித்திருந்தது. மாடி வீட்டுச் சிறுமி வாயைத் திறந்தாள். எந்த வார்த்தை வரப்போகிறது என்று எனக்கும் மகளுக்கும் தெரியும்.

அதற்குள் மைனி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் பார்வை வண்டிமேல் இல்லை. என் தோளுக்கு மேலே, துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு நீட்டியிருந்த வெள்ளி நிற ஏரியலின் மேல் இருந்தது.

“ஏ புள்ள, அது என் ரிமோட்டுதான? எதுக்கு ஆன் பண்ணி வச்சிருக்கே?”

“ஒரு... சேஃப்டிக்கு மைனி.”

“என்ன சேஃப்டி! ரெண்டு ரிமோட்டும் ஒரே அலைவரிசைலா. ஒண்ணா ஆன் பண்ணுனா வண்டி யார் பேச்சக் கேக்கும்? அதுக்குத்தான அந்தக் காலத்துல முறை வச்சு ஓட்டுனோம், ஒருத்தர் ஓட்டுனா மத்தவர் ஆஃப் பண்ணணும்னு. எங்கப்பா பாக்காம ஜோடியா வாங்கிட்டு வந்துட்டாரு. அந்தச் சண்டையத்தான் ஒன்கிட்டச் சொன்னேன்.”

காலனி முழுக்கக் கேட்டிருக்கும். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை போய்விட்டிருந்தது.

“அம்மா, நீயா?”

“ஆமாடா.”

“ஆஃப் பண்ணும்மா.”

ஆஃப் செய்தேன். அது போதாதென்று மைனி ரிமோட்டைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, செல்களை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். “இப்ப ஓட்டு தாயி. ஒங்கம்மாவ நான் பிடிச்சிக்கிடுதேன்.” நிஜமாகவே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. நேராகப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, நாலாவின் விளிம்பை ஒட்டிச் சென்றது. என் வாயில் அவள் பெயர் பாதி வந்து நின்றது. விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது அவளே திருப்பினாள். சரக்கென்று மண் தெறித்தது. பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள், இந்த முறை வேறு கூவல். இன்னொரு சுற்றில் நாலாவின் சுவரில் முட்டி மேல்கூட்டின் ஒரு மூலை உடைந்தது. நான் முன்னால் ஓடப் பார்க்க, மைனியின் பிடி இறுகியது. மகள் நடந்து போய், உடைந்த துண்டை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டினாள்.

மாடி வீட்டுச் சிறுமி அவளருகில் வந்து, “ஏக் ராவுண்ட் தேகி?” என்று கேட்டாள். ஒரு சுற்று தருவியா?

மகள் யோசித்தாள். “பெஹ்லே ஜூட்டி வாபஸ் லே,” என்றாள். முதலில் அந்தப் ‘பொய்க்காரி’யைத் திரும்ப வாங்கு. மற்றவள் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள்.

“அதுக்கு முன்னால நான்!” என்று மைனி என் கையை விட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினார். அந்த நேரம் பார்த்து ஹட் பேயிலிருந்து போன்.

“ஓடுச்சா?” என்றார் என் கணவர்.

“ஓடுது. நாலா கிட்டப் போய்த் திரும்புது.”

“யாரு ஓட்டுதா?”

“உங்கக்கா.”

“ஐயோ, அவ கையில ஏன் குடுத்த? என் வண்டிய ஒடச்சிருவா! அந்த நீல ரிமோட் எங்க இருக்கு? அதக் கொஞ்சம் ஆன் பண்ணி...”

“அதுல செல் இல்லங்க,” என்றேன். “போன வைக்கிறேன். பாப்பா சைக்கிள் குட்டிச் சக்கரத்தக் கழட்டணும்னு ஸ்க்ரூடிரைவர் கேக்குறா.”