கணினியில் அப்பாவின் பங்கு

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது நின்றுபோனபோது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் சண்டை போட்டு நின்றதல்ல. குழாயில் தண்ணீரின் வேகம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் சொட்டுகூட வராமல் போகுமே, அப்படி. ஆனாலும் வீட்டுக் காரியங்கள் நடக்கவேண்டும் அல்லவா? அதற்கு நான் இருந்தேன். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் பக்கம் திரும்பி நான் அதையே சொல்வேன். "அப்பறமா சாப்பிடறேன்னு சொல்லு" என்பார் அவர். மறுபடியும் திரும்புவேன். வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத உத்தியோகம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காரணம் எல்லாம் அந்தக் கணினிதான் என்று நான் உறுதியாக நம்பினேன். ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் எங்கள் வீடு. முன்னறையின் மூலையில் அந்தக் கணினி இருந்தது. லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் அச்சகத்துக்கு அம்மா அதில்தான் கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்துக் கொடுப்பார். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்துவந்த அப்பா, மாலையில் வந்ததும் அதே கணினியில் படம் இறக்குவார், கண்ட கண்ட விளையாட்டுகளைப் போட்டுப் பார்ப்பார். ஒருமுறை அதில் வைரஸ் புகுந்து, அம்மாவின் வேலை ஒரு வாரம் நின்றுபோனது. அம்மா கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். என் காசில் வாங்கியதற்கு எனக்கே பூட்டா என்று அப்பா கேட்டார். அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் ஒருநாள் அம்மா பெரியம்மாவிடம் கைப்பேசியில் சொல்வதைக் கேட்டேன். "இந்த வீட்டுல ஒன்னு நான் இருக்கணும், இல்ல அவரு இருக்கணும். ரெண்டு பேரும் இருக்க முடியாதுக்கா." அப்பா போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். கணினி வழக்குத் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

வழக்கைத் தீர்க்க வந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருளான லினக்ஸின்மேல் அவருக்குப் பைத்தியம். அதைப் பற்றி அவர் பேசும்போது கேட்டால் யாரோ அவருக்குச் சொத்து எழுதி வைத்தது போல இருக்கும். ஒரு மழைநாள் ஃபெரியில் கடல் தாண்டி வந்து, தலையைத் துடைத்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். அதன் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுவிடலாம். கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். அம்மாவுக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு ஒரு பக்கம். ஒருவர் பக்கத்தில் வரும் வைரஸ் இன்னொருவர் பக்கத்தைத் தொடாது.

"ஒரே வீட்டுல ரெண்டு ரூம் மாதிரி லா, அண்ணி" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

ரெண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று நான் கேட்டேன். ஓடாது, ஒன்று ஓடும்போது மற்றது தூங்கும் என்றார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குக் குறித்த நாள் ஆயுத பூஜை. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, எல்லோருக்கும் ஓய்வு. அம்மாவின் கோப்புகளைச் சித்தப்பா முதலில் நகல் எடுத்துக்கொண்டார். கணினியின் வட்டில் அப்பாவுக்கு இடம் ஒதுக்க ஒரு கோடு திரையில் வந்தது. அவர் யாரையும் கேட்காமல், பஞ்சாயத்துத் தலைவரின் தோரணையில், அதைச் சரியாக நடுவில் கொண்டுவந்து வைத்தார். அம்மாவின் பக்கத்தைச் சுருக்கி இடம் பிரிக்கும் வேலை ஆரம்பித்தது. நீண்ட நேரம் ஆகும் என்றார். "அண்ணே, முடியற வரைக்கும் யாரும் சுவிட்ச தொட்டுறாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பூஜைக்கு மாலையும் வெற்றிலையும் வாங்கக் கீழே போனார். மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அம்மா அதற்குள் கத்தரி, தையல் இயந்திரம், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்தார். கணினியின் நெற்றியிலும் மூன்று பட்டை இழுத்தார். பூஜை நேரத்தில் எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது என்பது அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டம். சூடம் ஏற்றும் நேரம் நெருங்கியது. கணினியோ உறுமிக்கொண்டே இருந்தது.

"இத அடைக்கலாமான்னு உங்கப்பாவ கேளு" என்றார்.

நான் கேட்டேன். அப்பா சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தம்பி சொல்லிவிட்டுப் போனதை அவர் மட்டும்தான் கேட்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் அப்போது அடுக்களையில் இருந்தேன், அம்மாவும் அங்கேதான்.

"உங்கம்மா இஷ்டம்னு சொல்லு."

சொன்னேன். அம்மா குனிந்து சுவரிலிருந்த சுவிட்சை அடைத்தார். அமைதியாகச் சூடம் ஏற்றி மூவரும் கும்பிட்டோம். கணினி வழக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

சித்தப்பா நனைந்த வெற்றிலையோடு வந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் இல்லை. லினக்ஸும் வரவில்லை, விண்டோஸும் போய்விட்டது. நகல்தான் இருக்கிறதே என்றார். பிறகுதான் தெரிந்தது, அம்மா தன் வேலைகளை எல்லாம் திறந்ததும் தெரியும் முகப்புத் திரையிலேயே போட்டு வைக்கிறவர். சித்தப்பா அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்திருந்தார். முடியும் நிலையில் இருந்த பத்திரிகைகள் மொத்தமும் போயின.

அம்மா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அப்பாவை நேராகப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என்னை நடுவில் வைக்காமல் ஒன்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா, இத அடைக்கக் கூடாதுன்னு?"

அப்பா மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கணினியின் மேலிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். மறுவாரம் அச்சகத்துக்காரர் அந்த வேலைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

தீபாவளிக்கு முன்னால் சித்தப்பா மறுபடி வந்தார். இந்த முறை விளையாட்டுப் பேச்சு எதுவும் இல்லை. முதலில் அம்மாவின் விண்டோஸை ஏற்றினார், பிறகு அதன் பக்கத்தில் லினக்ஸ். கோடு திரையில் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, எவ்வளவு வைக்கட்டும் என்று அப்பாவைக் கேட்டார்.

"எவ்வளவு கம்மியா முடியுமோ, அவ்வளவு போதும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா விட்டுக்கொடுக்கிறார், இனிமேல் சரியாகிவிடும் என்று தோன்றியது. தமிழிலேயே எல்லாம் வரும்படி சித்தப்பா மொழியைத் தேர்ந்தெடுத்தார். பயனர் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டதற்கு அப்பா, "புள்ள பேரப் போடு" என்றார். சித்தப்பா அண்ணனை ஒரு கணம் பார்த்துவிட்டு என் பெயரைத் தட்டினார். வேலை முடிந்ததும், திறந்து பாருங்களேன் என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அப்பா.

அன்றிலிருந்து பகலில் அம்மாவின் முறை, இரவில் அப்பாவின் முறை என்று ஏற்பாடு. நான் தூங்கப் போகும்வரை அப்பா பெரும்பாலும் கீழே கோப்பிக் கடையில்தான் இருப்பார். நான் தூங்கிய பிறகு வந்து தன் பக்கத்தைத் திறப்பார் என்று எண்ணிக்கொள்வேன். வீட்டில் சண்டை இல்லை. என் உத்தியோகமும் குறைந்துகொண்டே வந்தது, சொல்லி அனுப்ப யாருக்கும் எதுவும் இல்லை. இதைத்தான் சமாதானம் என்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு ஜோகூரில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். ஒரே ஒரு பையோடு போனார். அழவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பக்கம்தான் கணினியில் பத்திரமாக இருக்கிறதே.

அவர் போன சில வாரங்களில், அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் கணினியைத் திறந்து அப்பாவின் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர் அங்கே என்னென்ன வைத்திருக்கிறார் என்று பார்க்க ஆசை. திரை மெல்ல வெளுத்தது. நடுவில் ஒரு பெட்டி வந்தது. 'வருக' என்று தமிழில் பெரிதாக எழுதி, அதன் கீழே என் பெயர்.

நான் ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்தேன். "அப்பா எனக்காக எழுதி வச்சிட்டுப் போயிருக்காரும்மா, பாருங்க."

அம்மா ஈரக் கையோடு நின்று அதைப் படித்தார். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து காட்டினேன். ஆவணங்கள், படங்கள், பாட்டுகள் எல்லாமே காலி. "ஒன்னுமே இல்லம்மா. எவ்வளவு சுத்தமா வச்சிருக்காரு." அம்மா என் தலையில் கை வைத்தார், நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு, அடைத்துவிட்டு வந்து சாப்பிடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பா ஜோகூரிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டபோது, நீங்கள் எழுதியதைப் பார்த்தேன் என்று சொன்னேன். என்ன பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். மறுமுனையில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

பல வருடங்கள் கழித்து என் சொந்தக் கணினியில் லினக்ஸ் போட்டபோது அதே பெட்டி என் முன்னால் வந்து நின்றது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. முதல்முதலாக உள்ளே நுழைபவருக்கு, அந்த ஒரே தடவை, அதுவாக வரும். அப்பா தன் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அந்த மத்தியானம் ஈரக் கையோடு நின்ற அம்மாவுக்கு அது புரிந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. அப்பா எப்போது வருவார் என்று அதற்குப் பிறகும் வெகுநாள் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.