கொழுந்து லொறியில் ஏறிப்போன பல்செட்டு

எனக்குக் கீழ்வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடம் பஸ்ஸில் ஏறி இறங்கித்தான் இந்தப் பல்செட்டு கிடைத்தது. அந்த பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும். நின்றே போன கால் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் பல் வந்த அன்றைக்குத் தேங்காய் ரொட்டியைக் கடித்துத் தின்றேன். கஞ்சிச் சட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே தொந்தரவு, மத்தியானத்துக்கு மேல் ஈறு எரியும். கழற்றித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வேன். ஒரு நாள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது நல்ல மழை. நனையாமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணியை இறுக்கிக் கட்டியிருந்ததால் செருக இடமில்லை. ஒரு நிமிஷம்தானே என்று கொழுந்துச் சாக்குக்குள் போட்டேன். போட்டது போட்டதுதான். சாயங்காலம் கொழுந்தை நிறுத்து, லொறியில் கொட்டி, லொறியும் ஸ்டோருக்குப் போய்விட்டது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதற்கப்புறம்தான் வாயைத் தடவிப் பார்த்தேன்.

"ஐயோ, எம்பல்லு!"

என் தம்பி பெண்சாதி எதற்கும் பாட்டுக் கட்டுகிறவள். சாவு வீட்டில்கூட அவளை அடக்கி வைக்க வேண்டும். நான் அழப்போகிற நேரத்தில் கையைத் தட்டி ஆரம்பித்தாள்:

"கொட்டுற மழையில கொழுந்தெடுத்தா – மதினி
கட்டுன பல்லைக் கழட்டிவச்சா!
சாக்குல போட்டு மறந்துபுட்டா – கொழுந்துப்
போக்குல ஸ்டோருக்கு ஏத்திவிட்டா!"

பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி பாட்டைப் போனில் பிடித்துக்கொண்டாள்.

"பாடுறியாக்கும்! விடிஞ்சா கொழுந்தோட மெசின்ல அரைபட்டு தூளாயிரும்டி. அப்புறம் நீயா எனக்கு மென்னு குடுப்ப?" என்று கத்திவிட்டு நடந்தேன்.

ஸ்டோருக்கு ஒரு மைல் ஏற்றம். நாள் முழுக்க மலையில் நின்ற முட்டி, நாலு எட்டுக்கு ஒரு தரம் உட்காரச் சொன்னது. வழியெல்லாம் அவளைத் திட்டினேன். பாதிக்கு மேல் திட்டவும் மூச்சு இல்லை.

வாசலுக்குப் போனால், உள்ளே அவள் பாட்டுத்தான் கேட்கிறது! போனில் பிடித்தவளின் புருஷனுக்குக் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அவள் அனுப்பிய பாட்டு எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்டுச் சிரித்துவிட்டு, பரப்பிய கொழுந்தையெல்லாம் கையால் துழாவிப் பல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"வாங்க பாட்டி. இது ஒங்களுதுதானா? போட்டுக் காட்டுனாத்தான் குடுப்போம்."

பைப்பில் கழுவி மாட்டினேன். ஒரே பச்சைக் கொழுந்துக் கசப்பு. அங்கேயே ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள், கடித்துக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

இறங்கி வரும்போது வளைவில் தம்பி பெண்சாதி எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"கெடச்சிச்சா மதினி?"

வாயைத் திறந்து காட்டினேன். அவள் பாட்டால்தான் கிடைத்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், உடனே அடுத்ததைக் கட்டிவிட்டாள்:

"மாடியில ஏறிப் படுத்த பல்லு – மதினி
தேடி வரவும் இளிச்ச பல்லு!"

"மெதுவாப் பாடுடி, முட்டி வலிக்குது" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தால் ஈறு எரிந்தது. ஆனாலும் எங்கள் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நான் அதைக் கழற்றவே இல்லை.